எத்தெல்வினா எழுதிய ஓர் அடி

எத்தெல்வினா கரபாயோ இறந்தபோது அவளுக்கு எண்பத்திரண்டு வயது. எங்கள் கடலோர ஊரான புவேர்த்தோ அமார்கோவின் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஒரு கட்டில், ஒரு ரேடியோ, பத்து தடித்த நோட்டுகள், அவ்வளவுதான். எங்கள் ஊர் பேஸ்பால் அணி சம்பளத்துக்கு ஆடிய அத்தனை ஆட்டங்களும் அந்தப் பத்து நோட்டுகளில் இருக்கின்றன. யார் எறிந்தார், யார் அடித்தார், யார் கோட்டைவிட்டார் என்று எல்லாமே பென்சில் எழுத்தில்.

நான் மிர்த்தா மருகோ. அந்த அணியில் இடக்கையால் பந்து எறிந்த தியோஃபிலோ மருகோவின் மகள். எத்தெல்வினா அக்கா எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவளுக்கு அநியாயம் செய்தவளாவேன்.

எங்கள் கூழைக்கடா அணி உப்பளத்தில் பிறந்தது. பாத்தியில் உப்பு வாரியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கை மடித்து நான்கு மூலையிலும் தளமாகப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். 1948-இல் கடற்கரை ஊர்கள் சேர்ந்து தொழில்முறை லீக் ஒன்றை ஆரம்பித்தபோது, உப்பு வியாபாரி எசெக்கியேல் ஐயா இவர்களில் பதினெட்டுப் பேரைச் சம்பளத்துக்கு எடுத்தார். மரப்பலகையில் பார்வையாளர் மேடை எழுந்தது. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பழுப்பு நிறக் கூழைக்கடா. தைத்தவருக்கு அலகு சரியாக வரவில்லை. முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்காரர்கள், "வாத்து வந்திருக்குடோய், வாத்து!" என்று கத்தினார்கள். இரண்டாவது வருடம் சட்டையை மாற்றியும் வாத்து என்ற பெயர் மாறவில்லை.

ஸ்கோரராக நிக்கானோர் கரபாயோவைப் போட்டார்கள். அவர் சுங்க அலுவலகத்தில் எழுத்தர். பேஸ்பாலில் ஸ்கோரர் பாதி நீதிபதி. மட்டைக்காரன் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓடித் தப்பிவிட்டால், அது அவன் சாமர்த்தியமா, பந்தைப் பிடிக்க வேண்டியவன் சொதப்பியதா என்று அவர் ஒருவர்தான் சொல்ல முடியும். சாமர்த்தியம் என்றால் 'அடி'. சொதப்பல் என்றால் 'பிழை'. ஒருவனுக்கு அடி எழுதினால் இன்னொருவன் ஒரு பிழையிலிருந்து தப்பினான். அடுத்த வருடச் சம்பளம் அதைப் பார்த்துத்தான். ஆட்டக்காரர்கள் யாராவது ஒரு குளிர்பானம் நீட்டினால்கூட நிக்கானோர் வாங்க மாட்டார். "தாகம் எடுத்தா எங்க வீட்டுப் பானையில தண்ணி இருக்கு" என்பார். அதனாலேயே அவரைப் போட்டார்கள்.

என் அப்பாவுக்கு அவர் ஒன்பது வயது மூத்தவர். ஒரே தெரு. எங்கள் வீடு மேல்கோடி, அவர்கள் வீடு கீழ்க்கோடி. அப்பா அவரை "அண்ணே" என்பார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவர்தான். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தேன். ஆட்டம் முடிந்து இருவரும் சேர்ந்து நடந்து வருவார்கள். வழியெல்லாம் சண்டைதான்.

"ஏழாவது இன்னிங்ஸ்ல அத அடின்னு எழுதிட்டியேண்ணே, அது பிழைதானே?"

"உன் பந்த அவன் வெளுத்துட்டான்டா. ஒத்துக்க."

"காத்து தள்ளுச்சு."

"அப்ப காத்து பேர்ல எழுதிடவா?"

பெரியம்மா எப்போதோ இறந்துவிட்டார். வீட்டில் அவரும் எத்தெல்வினா அக்காவும்தான்.

1951-இல் சர்க்கரை நோய் பெரியப்பாவின் கண்ணில் கை வைத்தது. காகிதத்தை மூக்கருகே கொண்டுவந்து கண்ணாடி வில்லை வைத்தால் எழுத்து தெரியும். மைதானத்தில் நிற்பவர்கள் வெறும் வெள்ளைப் புகை. வெளியே தெரிந்தால் சுங்க வேலையும் போய்விடும், ஸ்கோரர் நாற்காலியும் போய்விடும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னார். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. தொலைபேசி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள்.

அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் ஒரு குடையும் காப்பிப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு தன் அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டு நடப்பதைச் சொல்வாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு உரக்க அறிவிப்பார். விரைவில் எழுதுவதும் அவளே என்று ஆனது. அவருடைய சாய்வெழுத்தை அச்சுப்போலப் பழகிக்கொண்டாள். எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் லிசாந்திரோவைப் பார்க்க வருகிறாள் என்றுதான் ஊரே நினைத்தது.

அதுவும் உண்மைதான். லிசாந்திரோ ஒஸ்பினோ இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்பவன். மீனவக் குடும்பம். தரையில் உருண்டு வரும் பந்தை அவன் குனிந்து அள்ளும் அழகைப் பார்ப்பதற்கென்றே பெண்கள் இடப்பக்கப் பலகையில் இடம் பிடிப்பார்கள். அவன் அக்காவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டால் பின்வரிசையிலிருந்து குரல் வரும்: "எத்தெல்வினா, குடைய இறக்குடி, அவனுக்கு உன் மூஞ்சி தெரியலயாம்!"

1954-இல் நாங்கள் கோப்பையை வென்றோம். அந்த ஒரு முறைதான். கடைசி ஆட்டத்தில் எறிந்தது என் அப்பா. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாதா கோயில் வரை போனார்கள். பாதிரியார் மணியை அடித்தே கயிற்றை அறுத்துவிட்டார். அடுத்த வருடம் லிசாந்திரோவுக்கும் அக்காவுக்கும் நிச்சயம் நடந்தது. கல்யாணத்தை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். வடக்கே அமெரிக்காவிலிருந்து ஆள் வருவார், லிசாந்திரோவைப் பார்ப்பார், கூட்டிக்கொண்டு போவார் என்று ஒரு பேச்சு. அது நடந்த பிறகு கல்யாணம் என்று அவன் சொல்லியிருந்தான்.

ஆள் 1957 பிப்ரவரியில் வந்தார். வெள்ளைத் தொப்பி, சட்டைப்பையில் சிறிய நோட்டு. அந்த வாரம் லிசாந்திரோ இரண்டு பிழை செய்திருந்தான். வந்த ஆளைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு மதியம். கோட்டை நகரத்து அணியோடு ஆட்டம். அப்பாவுக்கு முப்பத்தொன்பது வயது. தோள் போய்விட்டது. அந்தப் பருவத்தோடு அவரை நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்கே தெரியும். காலையில் அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டபோது, "இன்னிக்கி அஞ்சு இன்னிங்ஸ் தாங்குனா போதும், அதுக்கு மேல கடவுள் விட்ட வழி" என்றார்.

எட்டு இன்னிங்ஸ் தாங்கியது. எட்டிலும் எதிரணியால் ஓர் அடிகூட அடிக்க முடியவில்லை. வேகம் இல்லாத பந்துகள். ஆனால் ஒவ்வொன்றும் மட்டைக்காரனின் நினைப்புக்கு ஒரு விரல் தள்ளியே வந்தது. ஓர் அடிகூட விடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடிப்பது பந்து எறிபவனுக்கு வாழ்நாளில் ஒரு முறை வாய்த்தால் பெரிது. எங்கள் அணியில் அதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை. அப்படி ஓர் ஆட்டம் நடக்கும்போது எறிபவனிடம் யாரும் பேசக் கூடாது, பேசினால் கண்பட்டுவிடும். அப்பா ஆட்டக்காரர்களின் பெஞ்சு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்பது வயது. ஒரு கோன் ஐஸை வாங்கித் தின்னாமலே பிடித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சிவப்பாக வழிந்தது.

ஒன்பதாவதுதான் கடைசி இன்னிங்ஸ். மூன்று பேர் போனால் முடியும்; இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள். இன்னும் ஒருவன். அவன் அப்பாவின் பந்தை லேசாகத் தட்டினான். பந்து தரையில் உருண்டு நேராக லிசாந்திரோவிடம் போனது. பிடித்து முதல் தளத்துக்கு எறிந்தால் முடிந்தது. கூட்டம் எழுந்துவிட்டது. லிசாந்திரோ பந்து கைக்கு வருவதற்குள் முதல் தளத்தைப் பார்த்துவிட்டான். பந்து கையுறையின் அடிப்பக்கத்தில் இடித்துக் கீழே விழுந்தது. மறுபடி பொறுக்கி எறிவதற்குள் மட்டைக்காரன் தளத்தைத் தொட்டுவிட்டான்.

எல்லாத் தலையும் ஸ்கோரர் மேசைப் பக்கம் திரும்பியது. பிழை என்று எழுதினால் அப்பாவின் ஆட்டம் பிழைத்தது. அடி என்று எழுதினால் போயிற்று.

மேசையில் நடந்ததைப் பின்னால் அக்காவே சொன்னாள். பெரியப்பா குனிந்து, "என்ன?" என்று கேட்டிருக்கிறார். அவள் மைதானத்தைப் பார்த்தாள். லிசாந்திரோ பந்தைப் பார்க்கவில்லை, என் அப்பாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்; அவனிடம் மட்டும் அவள் அந்த ரகசியத்தைச் சொல்லியிருந்தாள். மூன்று வரிசை கீழே வெள்ளைத் தொப்பிக்காரர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி ஸ்கோர் பலகையில் என்ன வரும் என்று காத்திருந்தார்.

"அடி" என்றாள்.

"சரியாப் பாத்தியா?"

"பந்து துள்ளிருச்சுப்பா. கல்லுல பட்டுத் துள்ளிருச்சு. அவனால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பெரியப்பா ஒரு விரலை உயர்த்தினார். ஸ்கோர் பலகையில் அடிக் கணக்கின் சைபரைக் கழற்றி ஒன்றை மாட்டினார்கள்.

கூட்டம் ஊளையிட்டது. ஆரஞ்சுத் தோல் பறந்து வந்து மேசையில் விழுந்தது. அப்பா பலகையைப் பார்த்தார். கையை மண்ணில் தேய்த்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அடுத்தவனை மூன்றே பந்தில் அனுப்பிவிட்டார். ஆட்டம் எங்களுக்குத்தான். யாரும் கைதட்டவில்லை.

அப்பா நேராக மேசைக்கு வந்தார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"அண்ணே, அந்தப் பந்து துள்ளல."

"துள்ளுச்சு."

"பத்து வயசுப் புள்ள புடிச்சிருக்கும்ணே அத. அவனே தலைய தொங்கப்போட்டுட்டுப் போறான், பாரு."

"நான் பாத்தத எழுதுனேன்."

"நீ பாத்தியா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்டா!"

வேறு எதை அவர் சொல்லியிருக்க முடியும்? கண் தெரியவில்லை என்றா? அக்கா பக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். அவள் முகம் எனக்கு நினைவிருக்கிறது. சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது.

அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. கத்துவதை நிறுத்தினால்தான் அவரிடம் பயப்பட வேண்டும்.

"மருமகனுக்கு வழிச்செலவு குடுத்துட்ட. சரி. ஊரெல்லாம் ஒரு குளிர்பானம் வாங்காதவன்னு பேரு எடுத்துட்டு, கடைசில என்னை வித்துட்ட. இனிமே என் மகளுக்கு ஞானத்தகப்பன் கிடையாது. செத்துட்டான்னு சொல்லிக்கிறேன்."

"தியோஃபிலோ, வாய அடக்கு."

அப்பா என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். அன்று முதல் முறையாக அவர் பெரியப்பா இல்லாமல் தெருவில் வந்தார்.

அடுத்த வாரம் பெரியப்பா வீட்டுச் சுவரில் யாரோ கரியால் "மாமனார்" என்று எழுதிவிட்டார்கள். அக்கா அதைக் கழுவினாள். மறுபடி எழுதினார்கள். சவரக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். அவருக்கோ தான் செய்தது சரி என்பதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. மகள் பார்த்திருக்கிறாள், மகள் சொல்லியிருக்கிறாள். நியாயமாக எழுதியதற்குத் தண்டனை கிடைக்கிறது என்ற நிமிர்வோடு நடந்தார். பார்த்தவர்களுக்கு அது திமிர்.

மார்ச் மாதம் லிசாந்திரோ கப்பல் ஏறினான். துறைமுகத்தில் அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி, எத்தெல்வினா" என்றான். நன்றி என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துபோனது என்று அவள் பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். "அவ்ளோ பெரிய நன்றிய தூக்கிட்டு ஒருத்தன் எப்படி மிர்த்தா எனக்குப் புருஷனா இருப்பான்? என்னைப் பாக்குறப்பெல்லாம் அவனுக்கு அந்தப் பந்துதானே ஞாபகம் வரும்?"

முதல் வருடம் கடிதங்கள் வந்தன. அணியினர் தங்கும் விடுதியில் என்னைப் போன்ற கறுப்பர்களை விடுவதில்லை, நகரத்துக்கு மறுபுறம் ஒரு விதவையின் வீட்டில் தங்குகிறேன், சோறு கிடைப்பதில்லை என்று எழுதினான். இரண்டாவது வருடம் மூன்று கடிதம். பிறகு அவன் அணி அவனை விட்டுவிட்டதென்றும், ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான் என்றும், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்றும் மாலுமிகள் வாயிலாகச் செய்தி வந்தது. பெரிய அணி எதிலும் அவன் ஒரு நாளும் ஆடவில்லை.

இங்கேயும் எதுவும் மிஞ்சவில்லை. 1958-இல் லீக்கே கவிழ்ந்தது. ஊர்களுக்குள் சண்டை, மழை, காலி மேடைகள். எசெக்கியேல் ஐயா ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மேடைப் பலகைகளைப் படகு கட்டுபவர்கள் வாங்கிப் போனார்கள். மைதானத்தில் உப்பு லாரிகள் நின்றன. பத்து வருடம் சம்பளத்துக்கு ஆடிய ஓர் அணி, ஒரு கோப்பை, பிறகு லாரி நிறுத்தம். அப்பா திரும்பவும் உப்பளத்துக்கே போனார், எடை போடும் வேலைக்கு. இடக்கை தோளுக்கு மேல் எழாது.

அதே வருடம் பெரியப்பாவின் பார்வை முழுதாக அணைந்தது. சுங்க அலுவலகத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் ஊருக்கு அவர் குருடர் என்று தெரிந்தது. போன வருடம் வரை நன்றாகத்தான் இருந்தார், இப்போது போய்விட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். என் அப்பாவும்தான். "கடவுள் பாத்துட்டாரு" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பெரியப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து தெருவில் போகிற காலடிச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா உப்பளத்துக்குப் போகும்போது கீழ்க்கோடியைத் தவிர்த்து ஐஸ் தொழிற்சாலைப் பக்கமாகச் சுற்றிப் போவார். பெரியப்பா அக்காவிடம் அவ்வப்போது கேட்பாராம்.

"அது துள்ளுச்சு இல்ல?"

"துள்ளுச்சுப்பா."

இன்னும் ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்பார். அவளும் அதையே சொல்வாள். ஒரு முறை அவரே சொன்னாராம்: "தியோஃபிலோ பொய் சொல்ற பய இல்ல. நீயும் பொய் சொல்றவ இல்ல. அப்ப அந்தப் பந்துதாம்மா ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டு விதமா நடந்துகிச்சு."

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

1963 ஜூனில் அவர் இறந்தார். சவ ஊர்வலம் போனபோது அப்பா ஐஸ் தொழிற்சாலை முனையில் நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை. ஆனால் பெட்டி திரும்பும் வரை அங்கிருந்து நகரவும் இல்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கறுப்பு உடை. கையில் 1957-ஆம் வருட ஆட்டங்கள் எழுதிய நோட்டு. நான்தான் கதவைத் திறந்தேன். அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பா மேசையில் இருந்தார், எழுந்திருக்கவில்லை.

"சித்தப்பா, ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடுறேன்."

"சொல்லு."

"அந்தப் பந்து துள்ளல. லிசாந்திரோ விட்டுட்டான். அப்பாவுக்குத் தெரியாது. அவருக்குக் கண்ணு தெரியல. நான்தான் சொன்னேன், அடின்னு."

அப்பா அவளையே பார்த்தார்.

"எப்ப இருந்து தெரியல?"

"அம்பத்தொண்ணுல இருந்து."

"அப்ப அம்பத்திநாலு? நம்ம கோப்பை?"

"நான்தான் பாத்துச் சொன்னேன். நான்தான் எழுதுனேன்."

"நல்லாத்தான் எழுதியிருந்த" என்றார் அப்பா. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அவருக்கு மெல்ல விளங்கியது. விளங்க விளங்க அவர் முகம் உதிர்ந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப அண்ணன் என்கிட்ட பொய் சொல்லல."

"இல்ல சித்தப்பா. நான் சொன்னத நம்புனாரு. அவ்வளவுதான்."

"குருடன்கிட்டப் போயி நீ பாத்தியா பாத்தியான்னு கேட்டிருக்கேன் நான்."

அவர் எழுந்து சன்னல் பக்கம் போனார். முதுகு காட்டிக்கொண்டு நின்று பேசினார்.

"அந்த ஆட்டம் போனா போகுது. எவனுக்கு வேணும். ஒரே தெருவுல உக்காந்திருந்தான். ஆறு வருஷம். தெனமும் சுத்திப் போனேன். ரெண்டு மாசம் முன்னாடி வந்து சொல்லியிருந்தாகூட நான் ஓடிப் போயிருப்பேனே! ஏன்டி சொல்லல?"

"அவரு முகத்தப் பாத்துச் சொல்ல முடியல சித்தப்பா. நான் பொய்க்காரின்னு தெரிஞ்சா..."

"அவனுக்கு உன் முகம் தெரியாதேடி!"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். அக்கா நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். பென்சிலை எடுத்தாள். "உங்க முன்னாடியே மாத்திடுறேன். பிழைன்னு எழுதிடுறேன்" என்றாள்.

அப்பா வந்து நோட்டை மூடினார்.

"தொடாத. அது அண்ணன் பேர்ல இருக்கு. போ. எனக்கு உன்னப் பாக்க முடியல."

அவள் போனாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஊர் வானொலியில் சனிக்கிழமை மதியம் விளையாட்டுப் பேச்சு உண்டு. அடுத்த சனிக்கிழமை அங்கே போய், ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கண், குடை, கைக்குட்டை, அடி, எல்லாம். "எங்க அப்பா யாருக்காகவும் எதையும் மாத்தி எழுதல. மாத்தினது நான். சுவத்துல எழுதணும்னா என் பேர எழுதுங்க" என்றாள். அம்மா ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள். அப்பா கொல்லைக்குப் போய்விட்டார்.

ஊர் பெரியப்பாவுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தது. அவளுக்கு எந்த இரக்கமும் காட்டவில்லை. அவளுடைய வேலையே குரலை வைத்துத்தான். யாராவது தொலைபேசியை எடுத்தால் முதலில் கேட்பது அவள் குரல். "அடியா, பிழையா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு இருபது பேர், முப்பது பேர். பிற்பாடு, அந்த ஆட்டம் நடந்தபோது பிறந்தேயிராதவர்கள்கூட ஏன் என்று தெரியாமலே கேட்டார்கள். அவள் ஒரு முறையும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. "எந்த எண் வேணும்?" என்பாள். மேற்பார்வையாளர் வேறு பிரிவுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்பா ஞாயிறுதோறும் பெரியப்பாவின் கல்லறைக்குப் போக ஆரம்பித்தார். அவளும் போவாள். அவர் வருவதைக் கண்டால் பூவை வைத்துவிட்டு வேறு வழியாகப் போய்விடுவாள். இப்படிப் பதினைந்து வருடம். ஒரு வார்த்தை கிடையாது.

1978-இல் அப்பாவின் நுரையீரலில் கட்டி என்றார்கள். படுத்துவிட்டார். ஒரு நாள் என்னிடம், "அந்த நோட்டெல்லாம் இன்னும் அவகிட்டதான் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "வந்து படிக்கச் சொல்லு" என்றார்.

அவள் வந்தாள். ஞாயிறு மதியங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, 1948-இன் முதல் ஆட்டத்திலிருந்து படித்தாள். யார் அடித்தார், யார் ஓடினார், யார் பிடித்தார். நலம் விசாரிக்கவில்லை, வேறு பேச்சும் இல்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில இடங்களில், "அன்னிக்கி மழை", "அவனுக்குக் கால்ல புண்ணு" என்பார். 54 வந்தபோது இருவரும் சேர்ந்தே சிரித்ததை நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

57 பிப்ரவரி வந்த அன்று நான் சமையலறையில் இருக்கவில்லை. அறை வாசலில் போய் நின்றேன். அவள் ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை. முதல் எட்டு இன்னிங்ஸை அதே குரலில் படித்தாள். பிறகு ஒன்பதாவது. "இரண்டு பேர் அவுட். தரைப்பந்து, ஒஸ்பினோ பக்கம். அடி." நிறுத்தினாள்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "அடுத்தவன் எத்தன பந்து?" என்றார்.

"மூணு சித்தப்பா."

"ம். மூணுதான். அடுத்த ஆட்டத்தப் படி."

58-இன் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தார்கள். அதன் பிறகும் இரண்டு ஞாயிறு அவள் வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருடம் ஏப்ரலில் அப்பா போய்விட்டார். அவளை மன்னித்ததாக அவர் என்னிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னாரா என்று நானும் கேட்கவில்லை.

எனக்கு அவளோடு பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் கோபத்தோடு போனேன், கேட்க நிறைய இருந்தது. அவள் எதையும் மறுக்கவில்லை; மறுக்காத ஒருத்தியோடு எத்தனை நாள் சண்டை போட முடியும்? பிறகு வாரம் ஒரு முறை போய் இருவரும் சேர்ந்து சாப்பிடுவது என்றாகிவிட்டது. உப்பில்லாத சோறு, சர்க்கரையில்லாத காப்பி. பெரியப்பாவின் சர்க்கரை நோய் அவளுக்கும் வந்திருந்தது. கடைசி நான்கு வருடம் அவளுக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. கடிதங்களை நான் படித்துக் காட்டினேன்.

ஒரு முறை, சாப்பாட்டுக்கு நடுவே, "நான் படிக்கிறத நம்புறியா அக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் தட்டைத் தடவி, மிச்சமிருந்த மீனை என் பக்கம் தள்ளினாள்.

"வேற யார நம்பறது?" என்றாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளை அடக்கம் செய்தோம். வேலை நாள். தொலைபேசி நிலையத்திலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர், நான், என் மகன், பாதிரியார். பெரியப்பாவின் குழியிலேயே அவளையும் வைத்தார்கள். வெயில் கடுமையாக இருந்ததால் பாதிரியார் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்தார். மண் போட்டு முடிக்கும் வரை நான் நின்றேன். பிறகு மகன் வந்து கையைப் பிடித்து, "வாம்மா, போலாம்" என்றான்.